முஷ்டி மடக்கிய சிறுவன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லிமோழில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். கோடையில் பெற்றோர் வருகிறார்கள். 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' பட்டியலில் எந்த ஊர்களைக் காட்டலாம்? சென்ற வாரம் க்ரூஸ் மாவட்டத்தின் ழான்சியு கிராமத்துக்குப் போய் ஏமாந்தேன். போர் நினைவுத்தூணும் ஒரு சிறுவன் சிலையும்தான் இருக்கின்றன. இதைப் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். ஆனாலும் பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்புணர்வு நம்மிடம் இல்லை.

க.

அன்புள்ள க.,

பட்டியலை அதே பெயரில் 1982 முதல் இயங்கும் சங்கமே வெளியிடுகிறது. கொலோன்ழ்-லா-ரூழுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதன் செந்நிறக் கல்வீடுகள் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். நம்மவரைப் பற்றிய புலம்பலுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

ஆனால் ழான்சியுவில் ஏமாந்ததாக எழுதியதற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். சில மாதங்களாக அந்தச் சிறுவனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் புதுச்சேரியில் வளர்ந்தவன். கடற்கரைச் சாலையில் 1938 இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தில், பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கம் அணிந்த முதியவர்கள் மலர் வைப்பதைத் தாத்தாவின் கைபிடித்துப் பார்த்திருக்கிறேன். போரில் சாவது ஏதோ மங்கல காரியம் என்று பிள்ளைகளை நம்பவைக்கும் ஆற்றல் அத்தகைய சடங்குகளுக்கு உண்டு.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் ஏறத்தாழ 14 லட்சம் பேரை இழந்தது. 1919 இன் சட்டம் நினைவுச்சின்னங்களுக்கு அரசு மானியம் தர வழிசெய்தது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் சுமார் 36,000 ஊர்களில் பெரும்பாலானவற்றில் தூண்கள் எழுந்தன. பல ஊர்கள் வார்ப்பாலைகளின் விற்பனைப் பட்டியலைப் பார்த்து வெற்றிவீரன் சிலையை வாங்கி நிறுத்தின. ழான்சியு வாங்கவில்லை. கொத்தனார் வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பாரிஸுக்கு நடந்துபோய் வந்தவர்களின் மண் அது. தலைநகரின் அரசியலையும் அவர்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1922 இல், சோஷலிஸ்ட் மேயர் ழூல் கூதோவின் காலத்தில், இறந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே 'சபிக்கப்படுக போர்' என்று பொறித்தார்கள். எதிரே பள்ளி மேலங்கியும் மரக்காலணியும் அணிந்த அநாதைச் சிறுவன், ஒரு கையில் தொப்பியைப் பிடித்து, மறு கையை முஷ்டியாக மடக்கி அவ்வரியை நோக்கி நீட்டி நிற்கிறான்.

அரசு அதைத் திறந்துவைக்க மறுத்தது. பக்கத்து லா கூர்தீன் முகாமின் சிப்பாய்கள் (1917 இல் ரஷ்ய வீரர்கள் போரிட மறுத்துக் கலகம் செய்த அதே முகாம்) அவ்வழியே அணிவகுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி கட்டளை இருந்தது என்பார்கள். வரலாற்றுச் சின்னம் என்ற பாதுகாப்பு 1990 இல்தான் கிடைத்தது. அப்படியானால், பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்புணர்வு என்று நீங்கள் வியப்பது யாருடையதை, க.? ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அரசு முகம் சுளித்த ஒரு வரியை அழிக்காமல் காத்தது அந்தச் சின்னஞ்சிறு ஊர், அமைச்சகம் அன்று. கோட்டையைக் காப்பது எளிது, அதை எல்லோரும் விரும்புகிறார்கள். மேலதிகாரிகள் வெறுப்பதைக் காப்பதற்கு ஊருக்கே பிடிவாதம் வேண்டும். இதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கோபுரம் எங்கே என்று தேடியிருக்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும் முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்று போர் எதிர்ப்பாளர்கள் அந்தத் தூணருகே கூடுகிறார்கள். அன்று இன்னொரு முறை போய்வாருங்கள். நண்பரின் காரில் போவது நல்லது, நவம்பரில் அந்தப் பீடபூமியில் குளிர் கடுமையாக இருக்கும்.