களத்து மணியும் 47 பிகோஃபாரடும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 46. உங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு இரண்டு வருடமாக எலக்ட்ரானிக்ஸ் பழகி வருகிறேன். காபி காயும் களத்தில் தூறல் விழுந்தால் ஒலிக்கிற மாதிரி 555 டைமர் ஐசியை வைத்து ஒரு மணி செய்துகொண்டிருக்கிறேன். கணக்குப் போட இருப்பது அலுவலகத்தின் 12 இலக்கக் கால்குலேட்டர். சென்ற வாரம் வேறொரு சர்க்யூட்டுக்காக 47 பிகோஃபாரட் கெபாசிட்டரின் மதிப்பை ஃபாரடில் அடித்தேன். கடைசி ஏழு ஏறவே இல்லை. டவுனில் கேட்டால் 1,500 ரூபாய்க்கு மேல் ஒரு கால்குலேட்டரைக் காட்டுகிறார்கள். என்னால் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதை வாங்குவது? கைப்பேசியே போதுமா?

வாசகர், நாகலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏறாத ஏழுதான். 47 பிகோஃபாரடை ஃபாரடில் எழுதினால் புள்ளிக்குப் பின் பத்து சுழியம், அதன் பிறகு 47. உங்கள் கால்குலேட்டரில் முதல் சுழியத்தோடு சேர்த்து 12 இலக்கம் நான்கிலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் கவனிக்காமல் மேலே போயிருந்தால் 47 என்பது 40 ஆகியிருக்கும். அந்தக் கருவி எச்சரிக்கவும் செய்யாது. எலக்ட்ரானிக்ஸுக்குத் தனிக் கால்குலேட்டர் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பிகோஃபாரட், மறுபக்கம் மெகா ஓம். இரண்டும் ஒரே கணக்கில் வரும்.

ஆனால் கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ பழுதுபார்த்த என் மாமா கடைசிவரை சயின்டிஃபிக் கால்குலேட்டர் வைத்திருந்ததில்லை. ஓமையும் ஃபாரடையும் அவர் தொடவே மாட்டார். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை நேராக மில்லி ஆம்பியர். கிலோ ஓமை மைக்ரோஃபாரடால் பெருக்கினால் மில்லி நொடி. மெகா ஓமைப் பிகோஃபாரடால் பெருக்கினால் மைக்ரோ நொடி. உங்கள் 47 பிகோஃபாரடுடன் ஒரு மெகா ஓம் இருந்தால் விடை 47 மைக்ரோ நொடி, அவ்வளவுதான். இந்த மூன்றையும் மேசைக்கு மேல் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள். எந்தக் கால்குலேட்டர் வாங்கினாலும் விடை சரியா என்று பார்க்க இவை உதவும்.

பக்க இணைப்பில் உள்ள ரெசிஸ்டர்களுக்கும் உங்கள் கருவி போதும். 1,000 ஓமும் 2,200 ஓமும் என்றால், 1-ஐ 1000-ஆல் வகுத்து எம் பிளஸ் (விடையை நினைவில் கூட்டிவைக்கும் பொத்தான்), 1-ஐ 2200-ஆல் வகுத்து எம் பிளஸ், பிறகு 1-ஐ நினைவில் உள்ளதால் வகுக்க வேண்டும். விடை 687.5. மளிகைக் கடையின் 8 இலக்கக் கால்குலேட்டரில் இதையே போட்டால் 687.52 வரும். தங்கக் கோடு போட்ட ரெசிஸ்டரில் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும்போது அந்த 0.02 ஒரு பொருட்டே அல்ல.

இப்போது வாங்குவது பற்றி. மூன்று பொத்தான்களுக்காகப் பணம் கொடுங்கள். ஒன்று தலைகீழ்ப் பொத்தான், 1-ஐ அந்த எண்ணால் வகுப்பது. எக்ஸ் மேல் மைனஸ் ஒன்று என்று அதில் எழுதியிருக்கும். இரண்டாவது இஎக்ஸ்பி, பத்தின் அடுக்கை உள்ளே செலுத்துவது. மூன்றாவது இஎன்ஜி. இந்த மூன்றாவதைப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளே பலர் தொட்டதில்லை. விடை 0.000047 என்றோ 4.7 பெருக்கல் பத்தின் மைனஸ் ஐந்து என்றோ வந்தால் மனதுக்குள் புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். இஎன்ஜியை அழுத்துங்கள், 47 பெருக்கல் பத்தின் மைனஸ் ஆறு என்று மாறிவிடும். மைனஸ் ஆறு என்றால் மைக்ரோ. 47 மைக்ரோஃபாரட். கடையில் கேட்கும் பெயரிலேயே விடை வந்து நிற்கிறது.

இந்த மூன்றும் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் மாடலிலேயே இருக்கின்றன. புதிதாகவே உங்கள் 500 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும். மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் எஃப்எக்ஸ்-991எம்எஸ் தேடுங்கள். இரும எண், பதினாறடிமான எண் மாற்றம் அதில் உண்டு. கிலோ, மைக்ரோ, பிகோ போன்றவற்றை எழுத்தாகவே அடிக்கும் வசதியும் உண்டு. புதிது என்றால் விலை ஏறத்தாழ இருமடங்கு. உங்களுக்குக் காட்டியது அநேகமாகப் புதிய 991சிடபிள்யூ ஆக இருக்கும். நல்ல கருவிதான், ஆனால் அதில் இஎன்ஜி தனிப் பொத்தானாக இல்லை. ஃபார்மேட் மெனுவுக்குள் போய் எடுக்க வேண்டும். நாளுக்கு இருபது முறை தேவைப்படுவதை மெனுவுக்குள் தேடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய 991எம்எஸ் ஒன்றைத்தான் வாங்குவேன். சேலத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கருப்பூர் அரசுக் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. படிப்பு முடித்துப் போகும் பிள்ளைகளின் அலமாரியில் இது தூங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்து நண்பர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கையில் வாங்கியதும் எட்டை வரிசையாக அடித்து, எந்தக் கோடாவது விடுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு மேலே உள்ள சோலார் பட்டையைக் கட்டைவிரலால் முழுதாக மூடுங்கள். எழுத்து மங்கி மறைந்தால் உள்ளே பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். வெயிலில் இது தெரியாது. உங்கள் ஊரில் பனி இறங்கிய மாலையில்தான் தெரியும். எல்ஆர்44 பொத்தான் பேட்டரி கடிகாரக் கடைகளில் கிடைக்கும், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்து, 2 கூட்டல் 3 பெருக்கல் 4 போடுங்கள். 14 வர வேண்டும். உங்கள் அலுவலகக் கருவி 20 என்று சொல்லும், வரிசைப்படி போட்டுக்கொண்டே போவது அதன் வழக்கம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 100 மைக்ரோஃபாரடுக்கு 100 இஎக்ஸ்பி மைனஸ் 6 என்று மட்டும் அடியுங்கள். நடுவில் 'பெருக்கல் பத்து' சேர்த்தால் பத்து மடங்காகிவிடும். நான் செய்த முதல் டைமரில் இதுதான் நடந்தது. 91 கிலோ ஓம் போட வேண்டிய இடத்தில் 9.1 கிலோ ஓம் போட்டேன். பத்து நொடி எரிய வேண்டிய விளக்கு ஒரே நொடியில் அணைந்தது. ஐசி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு ஐசி மாற்றினேன்.

கைப்பேசி அவசரத்துக்கு உதவும். சால்டரிங் செய்யும்போது ஃபிளக்ஸ் ஒட்டிய விரலோடு, அணைந்துபோன திரையை மீண்டும் மீண்டும் திறப்பது வேலையைக் கெடுக்கும்.

உங்கள் மணிக்கு வருகிறேன். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 நேனோஃபாரட் போட்டுப் பாருங்கள். 1.44-ஐ, 10 கிலோவோடு 68 கிலோவின் இருமடங்கைக் கூட்டி 10 நேனோவால் பெருக்கி வருவதால் வகுத்தால் 986 ஹெர்ட்ஸ். ரெசிஸ்டர் ஐந்து சதவீதமும் கெபாசிட்டர் பத்து சதவீதமும் முன்பின் உள்ளவை என்றால் உண்மையில் 850 முதல் 1,150 வரை எதுவாகவும் இருக்கலாம். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். தூறல் விழுந்த நாளில் களத்தின் மறுகோடியில் காபி திருப்புகிறவர்களுக்கு அது கேட்டதா என்று எழுதுங்கள். கேட்காவிட்டால் ஒரு டிரான்சிஸ்டர் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்.