பி.ஏ. பொருளியல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் கேட்டவையும் பதில்களும்

பென்னாகரம், பிளஸ் டூ முடித்தவர்: வரலாறு குரூப் எடுத்தேன் சார், கணக்கு படிக்கவில்லை. அரசு கல்லூரியில் பி.ஏ. எகனாமிக்ஸ் சேரலாமா? சமாளிக்க முடியுமா?

தாராளமாகச் சேரலாம். மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. ஆனால் "இது ஆர்ட்ஸ் படிப்பு, கணக்கே வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழுக்காடு, நேர்க்கோட்டின் சாய்வு, வகையிடல் (ஒன்று மாறும்போது மற்றொன்று எந்த வேகத்தில் மாறும் என்று காண்பது) மூன்றும் கட்டாயம் வரும். விற்ற அளவு அ என்றால் மொத்த வருவாய் 20அ − அ² என்று கொடுத்து, இறுதிநிலை வருவாய், அதாவது இன்னும் ஓர் அலகு விற்றால் கூடும் வருவாய், என்ன என்பார்கள். வகையிட்டால் 20 − 2அ. விடை ஒரே வரிதான், ஆனால் வகையிடல் தெரியாவிட்டால் மொத்தக் கணக்கும் போய்விடும். கல்லூரி திறக்கும் முன்பே பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தையும், பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் வகையிடல் பாடத்தையும் கையால் போட்டுப் பழகுங்கள். படித்துப் பார்த்தால் மட்டும் போதாது.

அரூர்: தமிழ் வழியா, ஆங்கில வழியா?

முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர் என்றால் தமிழ் வழியைச் சுலபமாக விட்டுவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். பள்ளியில் ஆங்கில வழி படித்துவிட்டுப் பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் அந்தச் சலுகை இல்லை.

எம்.ஏ.வுக்கு வெளியூர் போகும் எண்ணம் இருந்தால், தமிழில் படித்துக்கொண்டே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை நோட்டில் பக்கத்திலேயே எழுதிவாருங்கள். தேவை நெகிழ்ச்சி என்றால் எலாஸ்டிசிட்டி, சமநோக்கு வளைகோடு என்றால் இன்டிஃபரன்ஸ் கர்வ், இப்படி. முதல் செமஸ்டரிலேயே ஆரம்பித்தால் பாரமாகத் தெரியாது.

பாலக்கோடு, முதலாண்டு மாணவி: நெகிழ்ச்சிக் கணக்கில் எனக்கு ஒரு விடை, தோழிக்கு வேறு விடை. இரண்டு பேரும் சரியாகத்தானே போட்டோம்?

நெகிழ்ச்சி என்பது வாங்கும் அளவு மாறிய விழுக்காட்டை விலை மாறிய விழுக்காட்டால் வகுப்பது. அநேகமாக ஒருவர் விலை ஏறுவதாகவும், மற்றவர் இறங்குவதாகவும் வைத்துப் போட்டிருப்பீர்கள். உங்கள் ஊர்ச் சந்தைத் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காகத்தான்: கிலோ 20 ரூபாயாக இருந்தபோது 100 கிலோ விற்றது. 30 ரூபாய் ஆனதும் 80 கிலோ விற்றது. 20இலிருந்து 30க்குப் போனால் விலை 50 விழுக்காடு ஏற்றம், அளவு 20 விழுக்காடு குறைவு, நெகிழ்ச்சி 0.4. அதையே 30இலிருந்து 20க்கு இறக்கிப் பாருங்கள்: விலை 33.3 விழுக்காடு குறைவு, அளவு 80இலிருந்து 100, அதாவது 25 விழுக்காடு கூடுதல், நெகிழ்ச்சி 0.75. மாறியது வகுக்கும் அடிப்படை எண் மட்டும்தான்.

இதற்காகத்தான் வில் நெகிழ்ச்சி முறை. இரண்டு விலையின் சராசரி 25, இரண்டு அளவின் சராசரி 90. அளவு மாற்றம் 20/90 = 22.2 விழுக்காடு, விலை மாற்றம் 10/25 = 40 விழுக்காடு, விடை 0.56. எந்தப் பக்கமிருந்து போட்டாலும் இதுவே வரும். ஒன்றுக்குக் குறைவு என்பதால் நெகிழ்ச்சியற்ற தேவை. விற்பனைத் தொகையை வைத்துச் சரிபாருங்கள்: முன்பு 2,000 ரூபாய், இப்போது 2,400. விலை ஏறியும் வருவாய் கூடியிருக்கிறதே, அதுதான் சான்று. இந்தக் கடைசி வரியையும் விடைத்தாளில் எழுதுங்கள், விளக்கம் முழுமையாகும்.

காவேரிப்பட்டணம்: வரைபடம் போட்டும் மார்க் குறைகிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு தவறுகள். முதலாவது, அச்சுகளுக்குப் பெயர் எழுதுவதில்லை. விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில்.

இரண்டாவதுதான் பெரிய தவறு: வளைகோட்டின் மேல் நகர்வதையும் வளைகோடே இடம் மாறுவதையும் குழப்பிக்கொள்வது. பூ உதிர்ந்து பெங்களூரா மாங்காய் விளைச்சல் குறைந்தது என்று வையுங்கள். அளிப்பு வளைகோடு (எந்த விலைக்கு எவ்வளவு விற்பனைக்கு வரும் என்று காட்டும் கோடு) இடப்பக்கம் நகரும், விலை ஏறும். விலை ஏறியதால் வாங்குவது குறையும். பலர் இங்கே தேவை வளைகோட்டையும் இடப்பக்கம் இழுத்துவிடுகிறார்கள். கூடாது. வாங்குவது குறைந்தது அதே தேவை வளைகோட்டின் மேல் நகர்வு. இரண்டையும் நகர்த்தினால் விலை ஏறியதா என்பதே உங்கள் படத்தில் தெரியாமல் போய்விடும். தேவை வளைகோடு நகர வேறு காரணம் வேண்டும்: மாங்கூழ் ஆலைகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது, அதனால் காய் எடுப்பதைக் குறைத்தார்கள் என்றால் அது சரி.

ஊத்தங்கரை: புள்ளியியலில் திட்ட விலக்கம் தப்பாகவே வருகிறது.

திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, தப்பாக வர வழக்கமான காரணம் இதுதான்: வர்க்கங்களின் கூட்டலும், கூட்டலின் வர்க்கமும் ஒன்றல்ல. 2, 3, 5 என்ற எண்களுக்கு முதலாவது 38, இரண்டாவது 100. சூத்திரத்தில் எது எங்கே என்று பார்த்து, அட்டவணை போட்டுச் செய்யுங்கள்.

தருமபுரி, மூன்றாமாண்டு: ப்ராஜெக்ட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்தேன். 2001க்கும் 2011க்கும் இடையில் நம் மாவட்ட மக்கள்தொகை பாதியாகியிருக்கிறது. இடம்பெயர்வு என்று எழுதலாமா?

எழுதிவிடாதீர்கள்! கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தனி மாவட்டமானது. 2001இன் 28 லட்சத்துச் சொச்சம் இரண்டு மாவட்டமும் சேர்ந்த எண்ணிக்கை. 2011இல் தருமபுரி 15,06,843, கிருஷ்ணகிரி 18,79,809, கூட்டினால் 33,86,652. அதாவது குறையவில்லை, பத்தாண்டில் 18 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. பரப்பளவு, பயிர், எழுத்தறிவு, பள்ளி எண்ணிக்கை என எந்த மாவட்டத் தரவு எடுத்தாலும் முதலில் எல்லை எப்போது மாறியது என்று பாருங்கள். வருட ஒப்பீடு வேண்டுமானால் இரண்டு மாவட்டங்களையும் கூட்டிக் காட்டுங்கள், அல்லது தாலுகா வாரியாக எடுங்கள். அதையும் ஓர் அடிக்குறிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பர்கூர், பெற்றோர்: மகள் பி.ஏ. முடித்ததும் பி.எட். படித்து ஆசிரியராக ஆசைப்படுகிறாள். நேராகச் சேர முடியுமாங்க?

முடியாதுங்க. தமிழ்நாட்டில் பொருளியல் பட்டதாரிகள் பி.எட். சேர எம்.ஏ. பொருளியலும் முடித்திருக்க வேண்டும். வணிகவியலுக்கும் இதே விதி. மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியராகப் போக எப்படியும் எம்.ஏ. தேவைதான். பட்டம் மூன்று, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு ஆண்டு என்று இப்போதே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாப்பா அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், பட்டப்படிப்புக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்த உடனே கேளுங்கள்.

ஓசூர்: இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை பி.ஏ. முடித்ததும் எழுதலாமா?

இல்லை தம்பி, முதுகலை வேண்டும். வயது 21 முதல் 30க்குள், பிரிவுக்கேற்பத் தளர்வு உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் எம்.ஏ. சேர க்யூட் பி.ஜி. என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்றாமாண்டில் இந்த நுழைவுத் தேர்வுக்கு உட்கார வேண்டும் என்றால் வகையிடல், அணிகள், நிகழ்தகவு மூன்றையும் இரண்டாமாண்டு கோடை விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள், ஐந்தாம் செமஸ்டரில் ப்ராஜெக்ட்டும் அரியர் பேப்பரும் சேர்ந்துகொண்டால் நேரம் கிடைக்காது.