டிஃபன்ஸ் ஆர்டரை நம்பி லோன் போடலாமா?

கோயம்புத்தூர்ல சிஎன்சி ஷாப் (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்ல உலோக பார்ட்ஸ் வெட்டற பட்டறை) வெச்சிருக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பம்ப், ஆட்டோ பார்ட்ஸ்தான் ஓடுது. ஆயுத ஏற்றுமதி எகிறுதுங்கறாங்களே, லோன்ல 5 ஆக்சிஸ் மெஷின் (அஞ்சு அச்சுல நகர்ந்து வெட்டறது) இறக்கி டிஃபன்ஸ்ல நுழையலாமா?"

நுழையலாம்ங்க, ஆனா மெஷின் இப்ப வேண்டாம்.

இந்தியாவோட ஆயுத ஏற்றுமதி கணக்கு நிஜம்தான், 2013-14ல 686 கோடி ரூபாயா இருந்தது 2024-25ல 23,622 கோடி. ஆனா அதை வெச்சு ஈஎம்ஐ கணக்கு போட்டா மாட்டிக்குவீங்க, ஏன்னா இந்தத் தொழில்ல ஆர்டர் மாசாமாசம் வராது, மொத்தமா கொட்டும், அப்புறம் பட்டுன்னு நின்னுடும். நம்ம ராணுவம் வாங்கற கே9 வஜ்ரா பீரங்கியவே பாருங்க, டிசைன் தென்கொரியாவோடது. 2017ல எல் அண்ட் டிக்கு 100 பீரங்கி ஆர்டர், குஜராத் ஹசிராவுல உற்பத்தி லைன் போட்டு 2021 பிப்ரவரில நூறையும் குடுத்து முடிச்சுட்டாங்க, அடுத்த 100க்கு காண்ட்ராக்ட் கையெழுத்தானது 2024 டிசம்பர்ல! நடுவுல கிட்டத்தட்ட நாலு வருஷம். பெரிய கம்பெனி வேற பிசினஸ்ல தாங்கிக்கும், அந்த ஒரு பார்ட்டுக்குன்னே ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ்னு பிடிக்கவும் அளக்கவும் தனி டூலிங் எல்லாம் போட்டு வெச்ச சின்ன வெண்டார் பேங்க்குக்கு என்ன பதில் சொல்லுவார்?

அதே பீரங்கிய தென்கொரியா துருக்கி, ஃபின்லாந்து, நார்வேன்னு வித்துச்சு, 2022ல போலந்து முதல் காண்ட்ராக்ட்லயே 212 கேட்டுச்சு. நாடுகள் ஏற்றுமதிக்கு இப்படி அலையறதுக்கு பெரிய காரணமே இதான், சொந்த ராணுவத்தோட ஆர்டர் முடிஞ்சாலும் லைன் நிக்கக்கூடாது, டிசைனுக்கும் டூலிங்குக்கும் போட்ட காசு நிறைய பீஸ்ல பிரிஞ்சா உள்நாட்டு விலையும் இறங்கும்.

உங்களுக்கு சரியா வர்றது முழு ஆயுதம் இல்ல, ஏரோஸ்பேஸ் பார்ட்ஸ். ஹைதராபாத்ல டாடா போயிங் அப்பாச்சி ஹெலிகாப்டர் பாடி செஞ்சு அனுப்புதில்ல, அந்த மாதிரி கம்பெனிகளுக்கு கீழ இருக்கற டயர் 1, டயர் 2 ஆளுங்ககிட்ட (நேரா சப்ளை பண்றவங்க, அவங்களுக்கு சப்ளை பண்றவங்க) ஜாப் ஒர்க் கேளுங்க. ஏரோஸ்பேஸ் தரத்துக்கான ஏஎஸ்9100 சர்டிஃபிகேட் இல்லாம பெரும்பாலும் உள்ளயே விடமாட்டாங்க, அதை முதல்ல எடுங்க. கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தற டிஃபன்ஸ் இன்னோவேஷன் சென்டர் உங்க ஊர்லயே இருக்கு, ஒரு நடை போயிட்டு வாங்க.

பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வர்றப்ப மூணு விஷயம் கேளுங்க: மொத்தம் எத்தனை பீஸ், ஸ்பேர்ஸ் ஆர்டர் வருமா, மெட்டீரியல் யாரோடது. டைட்டானியத்துல ஒரு பீஸ் ஸ்கிராப் ஆனா லாபமே போயிடும். உத்யம் பதிவு (மத்திய அரசோட சிறுதொழில் பதிவு) இருக்கற சிறு, குறு உற்பத்தியாளர்னா 45 நாளுக்குள்ள பேமென்ட் சட்டப்படி உங்க உரிமை, கேட்கக் கூச்சப்படாதீங்க (எல்லாரும் கூச்சப்படறோம், அதான் இழுக்கறாங்க). ராணுவ பார்ட்டை நீங்களே நேரா வெளிநாட்டுக்கு அனுப்பறதா இருந்தா ஸ்கோமெட் லிஸ்ட்ல (ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படற பொருட்களோட அரசு பட்டியல்) வருதான்னு பாருங்க, வந்தா பாதுகாப்பு உற்பத்தித் துறை அனுமதி வாங்காம பெட்டி கட்டவே கூடாது.