ஆயிரம் இடியம்ஸ் மனப்பாடம் பண்ணா இங்கிலீஷ் வந்துடுமா?

கேள்வி: எனக்கு ஊரு தென்காசி பக்கம், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இப்போ சென்னைல ஒரு ஐடி கம்பெனில டெஸ்டிங் டீம்ல இருக்கேன், க்ளையன்ட் அமெரிக்கா. போன மாசம் ஒரு கால்ல, வியாழக்கிழமை டெமோ வெச்சுக்கலாமான்னு கேட்டதுக்கு அவர் 'கேன் ஐ டேக் எ ரெயின் செக் ஆன் தட்?'னார். செக் பண்ணிட்டு வரேன்னு ஒத்துக்கிட்டார்னு நெனச்சு 'ஷ்யூர், தேங்க் யூ'னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை ராத்திரி எல்லாத்தையும் ரெடி பண்ணி உட்கார்ந்திருந்தா யாருமே ஜாயின் பண்ணல. மறுநாள் டீம்ல ஒரே சிரிப்பு. அன்னைலேர்ந்து ஆயிரம் இடியம்ஸ், அதாவது மரபுத்தொடர்கள், இருக்குற புக் ஒண்ணு வாங்கி தினம் பத்து மனப்பாடம் பண்றேன், ஆனா பேசும்போது ஒண்ணுகூட வாய்ல வர மாட்டேங்குது. இங்கிலீஷ் படம் பாத்தா சரியாகுமா? (பேர் வேண்டாம், சென்னை)

பதில்: மொதல்ல அந்த புக்கை மூடி வைங்க தங்கச்சி. உங்க உழைப்புல ஒரு குறையும் இல்ல, உழைக்கிற இடம்தான் தப்பு.

அந்த ரெயின் செக் விஷயத்தை முடிச்சுடுவோம். அது பேஸ்பால் மைதானத்துலேர்ந்து வந்தது. மழையால மேட்ச் நின்னுட்டா டிக்கெட் வாங்குனவங்க இன்னொரு நாள் வந்து பாக்கலாம்னு அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டுலயே ஒரு சீட்டு குடுப்பாங்க, அதுக்குத்தான் அந்தப் பேரு. அதனால உங்க க்ளையன்ட் சொன்னது 'இப்ப வேணாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்'னு ஒரு மரியாதையான மறுப்பு. பேஸ்பாலே பாக்காத ஒருத்தருக்கு இது எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியாம போனதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. பால்பார்க் ஃபிகர் (தோராயமான கணக்கு), டச் பேஸ் (சும்மா ஒரு வார்த்தை பேசிக்கிறது), கர்வ் பால் (எதிர்பாராத சிக்கல்) எல்லாமே அந்த ஆட்டத்துலேர்ந்து வந்ததுதான். நம்ம ஆபீஸ்ல சர்வசாதாரணமா பேக் ஃபுட்ல இருக்கோம்னு சொல்றோம், அது கிரிக்கெட். அதே மாதிரி கிரிக்கெட்லேர்ந்து வந்த ஸ்டிக்கி விக்கெட்டை (சிக்கலான நிலைமைன்னு அர்த்தம்) அமெரிக்காக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் அவர்தான் முழிப்பார்.

இங்கிலீஷே தாய்மொழியா இருக்குறவங்களுக்குள்ளயே இது நடக்கும். மீட்டிங்ல 'லெட்ஸ் டேபிள் திஸ்'னா பிரிட்டன்ல 'இப்பவே எடுத்துப் பேசுவோம்'னு அர்த்தம், அமெரிக்காவுல 'இப்போதைக்குத் தள்ளி வைப்போம்'னு அர்த்தம். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரெண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் வாக்குவாதம் பண்ணி, கடைசில பாத்தா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்காங்கன்னு சர்ச்சிலே எழுதியிருக்கார்.

அதனால நான் சொல்ல வர்றது, இடியம் மொதல்ல காதுக்கு, அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுதான் வாய்க்கு. யாராவது சொன்னா புரியணும், அவ்வளவுதான் இப்ப உங்களுக்கு வேணும். நீங்க பேசுறது சாதாரண இங்கிலீஷா இருந்தா எந்தக் க்ளையன்ட்டும் கோவிச்சுக்கப் போறதில்ல, சொல்லப்போனா அவங்களுக்கும் அதுதான் வசதி.

புரியலைன்னா அந்த நிமிஷமே திருப்பிச் சொல்லிக் கேளுங்க, இந்தப் பழக்கம் ஒண்ணு வந்துட்டாலே பாதி பயம் போயிடும். 'ஸோ நோ டெமோ திஸ் தர்ஸ்டே, ரைட்?'னு ஒரு வரி கேட்டிருந்தா அன்னைக்கே தெளிவாயிருக்கும். 'வாட் டஸ் தட் மீன்'னு கேக்க சங்கடமா இருந்தாலும் நமக்குப் புரிஞ்சதைச் சொல்லி சரியான்னு கேக்குறதுல ஒரு சங்கடமும் இல்ல, நல்லா இங்கிலீஷ் பேசுற மேனேஜர்களே அதைத்தான் பண்றாங்க.

மனப்பாடம் ஏன் வாய்ல வரலைன்னா, புக்ல சொல்லும் அர்த்தமும் மட்டும்தான் இருக்கு, ஆள் இல்ல. கம்பி நீட்டிட்டான்னு ஒரு பேச்சு இருக்கே, அதை உங்களுக்கு யாராவது லிஸ்ட் போட்டா சொல்லிக் குடுத்தாங்க? வீட்ல ஒருத்தர் இன்னொருத்தரைப் பத்திச் சொல்லிக் கேட்டீங்க, சொன்னவர் மொகம், கோவம் எல்லாத்தோடயும் சேந்து மனசுல உக்காந்துடுச்சு. அதே மாதிரி மண்டையைப் போட்டுட்டார்னு துக்க வீட்ல போய் சொல்லக் கூடாதுன்னும் உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷ்ல கிக் தி பக்கெட் அப்படிப்பட்டதுதான், ஆனா புக்ல 'இறந்துபோதல்'னு மட்டும் போட்டிருக்கும், அதைப் படிச்சுட்டு ஒருத்தர் லீவ் லெட்டர்ல எழுதிட்டா என்ன ஆகும்! எது பழசு, எது புதுசுன்னும் புக் சொல்லாது. கொட்டுற மழைக்கு 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னு நம்ம பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது, இப்போ பேச்சுல அது பழசாயிடுச்சு.

சின்ன நோட்டு ஒண்ணு வெச்சுக்கோங்க. கால்ல காதுல விழுந்த வாக்கியத்தை முழுசா எழுதுங்க, யார் சொன்னாங்க, யார்கிட்ட, எதுக்குன்னு பக்கத்துல ஒரு வரி. ஒரே இடியத்தை வேற வேற ஆளுங்க சொல்லிக் கேட்டப்புறம் நீங்க எடுத்து பேசுங்க, அதுவும் மொதல்ல டீம் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட. 'ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்' (முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்), 'ஆர் வி ஆன் தி சேம் பேஜ்?' (ரெண்டு பேரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கிட்டோமா?) மாதிரி ஆபீஸ்ல தினம் புழங்குறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' மட்டும் க்ளையன்ட்கிட்ட வேணாம், அர்த்தம் சரிதான், ஆனா 'இனிமே உங்க பாடு'ங்கற மாதிரி கேக்கும். நேரா 'வி ஆர் வெயிட்டிங் ஃபார் யுவர் அப்ரூவல்'னே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, இடியத்தை விட ஃப்ரேசல் வெர்ப்ஸ்தான், அதாவது ஒரு வினைச்சொல்லோட ஆஃப், அவுட் மாதிரி சின்ன சொல் சேந்து வேற அர்த்தம் தர்றதுதான், உங்களுக்கு அவசரம். புட் ஆஃப்னா தள்ளிப் போடுறது, கால் ஆஃப்னா ரத்து பண்றது. ரிலீஸ் விஷயத்துல இது ரெண்டையும் குழப்பிக்கிட்டா வேலையே கெட்டுடும். நம்ம ஊர் பழக்கத்துல காலேஜ்ல பாஸ் அவுட் ஆனேன்னு சொல்றதையும் விட்டுடுங்க, அமெரிக்காக்காரர் காதுல அது மயக்கம் போட்டு விழுந்துட்டேன்னு விழும், கிராஜுவேட்டட்னு சொன்னா போதும்.

படம் தாராளமா பாருங்க, ஆனா அடிதடிப் படத்து பேச்சு ஆபீஸுக்கு உதவாது. பேட்டி, சமையல் ப்ரோக்ராம், வீட்டுக்குள்ள நடக்குற காமெடி சீரியல் இதெல்லாம் நல்லது. சப்டைட்டில் இங்கிலீஷ்லயே இருக்கட்டும், தமிழ்ல வெச்சா கண்ணு படிக்கும் காது தூங்கிடும். ரெண்டு மணி நேரப் படத்தைவிட ஒரே பத்து நிமிஷத்தைத் திரும்பத் திரும்பக் கேக்குறது மேல். அதையும்விட உங்க சொந்த க்ளையன்ட் கால்தான் நல்ல பாடம், டீம்ஸ்லயும் ஜூம்லயும் ரெக்கார்டிங், ட்ரான்ஸ்கிரிப்ட் வசதி இருக்கு. உங்க ப்ராஜெக்ட்ல அதுக்கு அனுமதி உண்டான்னு லீடுகிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.