சீனியர் டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், என்ன செய்வது?

கேள்வி: வேப்பேரியில் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, போன வருடம் பெங்களூரு இந்திரா நகரில் ஒரு செல்லப் பிராணி கிளினிக்கில் சேர்ந்தேன். சீனியர் டாக்டர் திறமைசாலி. ஆனால் நாயின் சொந்தக்காரர் எதிரிலேயே "இதுகூடத் தெரியாதா?" என்று சத்தம் போடுகிறார். அல்சூரிலிருந்து வரும் உதவியாளரிடம் நான் தமிழில் பேசினாலும் கோபப்படுகிறார். திருப்பிக் கேட்பதா, வேலையை விடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அவர் கத்தும்போது உங்கள் கையில் நாயின் முன்னங்கால் இருக்கிறது. மருந்து ஏற்றும் கேனுலா குழாய் பாதிதான் ஏறியிருக்கும். குரல் உயர்ந்தால் நாய் காலை இழுக்கும், உதவியாளரின் பிடி தளரும், கடி யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்: "நாய் மிரள்கிறது டாக்டர், முடித்துவிட்டு வருகிறேன்." மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

பேச வேண்டியதை அன்றைக்கே, கூட்டம் ஓய்ந்த பிறகு, தனியாகப் பேசுங்கள். "எப்போதும் என்னை அவமானப்படுத்துகிறீர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு வழக்காடலில்தான் முடியும். ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். "காலையில் லாப்ரடார்காரர் முன்னால் கண்டித்தீர்கள். பிறகு அவர் மருந்தின் அளவைக்கூட என்னிடம் கேட்காமல் ரிசப்ஷனில் போய்க் கேட்டார். தப்பு இருந்தால் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்." உங்கள் மனவருத்தத்தை உதறிவிடுகிறவர்கூட, சிகிச்சை கெடுகிறது என்றால் காது கொடுப்பார்.

கெடத்தான் செய்கிறது. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் 24-ஐ வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. பயிற்சியின்போது நிபுணர் ஒருவர் மட்டம் தட்டிப் பேசிய குழுக்கள், நோயைக் கண்டறிவதிலும் செய்முறையிலும் பின்தங்கின. தகவலைப் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது ஒரு காரணம். நம் மேஜையிலும் அதே கதைதான். பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் பாராசிட்டமால் கொடுத்ததை, சொந்தக்காரர் பெரும்பாலும் உதவியாளரிடம்தான் பேச்சுவாக்கில் சொல்வார். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும். விஷம் ஏறி ஈறு பழுப்பாகும்வரை காத்திருக்க முடியாது. குறுக்கே பேசினால் திட்டு விழும் என்று அந்த உதவியாளர் வாயை மூடிக்கொண்டால் பூனையின் கதி என்ன? டாக்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ் விஷயத்தில் நான் பாதி டாக்டர் பக்கம். மருந்தும் அளவும், மேஜையைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் புரிகிற மொழியில்தான் பேசப்பட வேண்டும். டீ குடிக்கும்போது நீங்கள் பேசும் மொழி அவர் கவலை அல்ல.

தேதி, சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். இரண்டு முறை பேசியும் மாறாவிட்டால் கிளினிக் உரிமையாளரிடம் அந்தக் குறிப்போடு போகலாம். பேச்சில் பாலியல் தொனி இருந்தால் கதை வேறு: நீங்கள் பெண் என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் அது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும்.

உரிமையாளரே அந்த டாக்டர்தான் என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். ஆனால் கோபத்தில் அன்றைக்கே கடிதம் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பார்த்து, அனுபவச் சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் சேரும் முன் ஒரு மாலை நேரம் அங்கே உட்கார அனுமதி கேளுங்கள். கூண்டு கழுவுபவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டுச் சம்பளத்தைப் பேசலாம்.