வாயசைப்பா, வாய்ப்பாட்டா?

வாசகர் கேள்வி – பதில்

அண்ணன்மார் கதையில் (பொன்னர்–சங்கர் கதை) ஒரு பகுதியை, வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாக, மேல்நாட்டு ஆப்பரா மாதிரி வீடியோ எடுக்கிறோம். பாட்டை முதலிலேயே பதிவு செய்துவிட்டு வாயசைப்பதா, கேமரா முன்னால் பாடுவதா? (கோபிச்செட்டிபாளையம் வாசகர்)

தாளத்தில் நிற்கும் பாட்டுக்கெல்லாம் முன்பதிவு. தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தத்துக்கு மட்டும் நேரடிப் பாட்டு. இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதித் தலைவலி போகும்.

இரண்டு வழிக்கும் முன்னோடி உண்டு. மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஆப்பராவை 1975இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்கு எடுத்த இங்மர் பெர்க்மன், பாட்டை முன்பே பதிவு செய்து வாயசைக்க வைத்தார். பேசும்படம் வந்த புதிதில் நம்மூர்க் கதை வேறு. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் தலைமுறையினர் கேமராவுக்கு முன்னால் நின்றே பாடினார்கள்; வாத்தியக்காரர்கள் படத்தில் விழாத ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள்.

உங்களுக்கு முன்பதிவு வேண்டும் என்பதற்குக் காரணம் ஊர்தான். தறிச் சத்தம் கேட்காத தெரு நம் பக்கம் குறைவு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு மைக்கில் புகுந்து இரையும். பல்லடம், உடுமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. நேற்று இழுத்த இழுப்பு இன்று வராது, அதனால் உதடு சேராது. காற்றடங்கிய நேரமாகப் பார்த்து எடுங்கள். காலர் மைக்கைத் தலைப்பாகை ஓரத்தில் நெற்றிக்கு மேல் வையுங்கள். மார்பில் வைத்தால் மாலையும் நகையும் உரசும். கேமராவுக்குத் தெரியாத காதில் ஓர் இயர்போன், அதில் சுருதி மட்டும். அது இல்லாவிட்டால் நான்காவது வரிக்குள் சுருதி நகர்ந்துவிடும், பிறகு வாத்தியம் சேர்க்கவே முடியாது. எடுத்து முடித்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அந்த இடத்து ஓசையையும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதுதான் உதவும்.

உடுக்கையைக் கவனியுங்கள். பகலில், காய்ந்த தோலில் பதிவு செய்திருப்பீர்கள். படப்பிடிப்பு ராத்திரிப் பனியில் நடக்கும். தோல் தளர்ந்து ஒலி மாறும், பார்வையாளருக்கு அது கேட்கப்போவதில்லை. ஆனால் இடைக் கயிற்றைக் கை அழுத்துவது கண்ணுக்குத் தெரியும். பதிவில் ஒலி ஏறும் இடத்தில் கை சும்மா இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓங்கி அடித்தால் பாடுகிறவருக்குப் பதிவு கேட்காது; தோலைத் தொடாமல் பாவனை காட்டினாலும் எடுபடாது. விரல் நுனியால் மெல்லத் தட்டட்டும்.

உதடு சரியாகத்தான் சேருகிறது. ஆனாலும் பொய்யாகத் தெரிகிறதே? (பவானி வாசகர்)

உதட்டை மட்டும் அசைத்திருப்பீர்கள். பாட்டு கழுத்திலும் விலாவிலும் தெரிய வேண்டும். வாயசைக்கும்போதும் முக்கால் குரலிலாவது பாடுங்கள். பதிவில் மூச்சு எடுத்த இடங்களைப் பாட்டுத் தாளில் கோடு போட்டுவைத்து, அதே இடத்தில் மூச்சு எடுங்கள். மூச்சே இல்லாமல் நீண்ட வரி பாடுகிற ஆளைக் கண் நம்பாது. பாட்டின் நடுவிலிருந்து எடுப்பதானால் இரண்டு வரி முன்னாலிருந்தே பதிவை ஓட விடுங்கள். மேடையில் கடைசி வரிசைக்காக அகலத் திறக்கும் வாயும் உருட்டும் கண்ணும் நெருக்கக் காட்சியில் கோமாளித்தனமாகிவிடும்.

கூட்டுப்பாட்டில் மட்டும் உதடு பிசகினால் ஒலிபெருக்கியைப் பாருங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஒருவர் பெட்டிக்கு 3 மீட்டரிலும் இன்னொருவர் 18 மீட்டரிலும் நின்றால் பின்னவருக்கு 44 மில்லி விநாடி தாமதம். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. கணக்கு அங்கேயே உதைக்கிறது. ஆளுக்கொரு ப்ளூடூத் இயர்போன் இன்னும் மோசம், தாமதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். வயரே நல்லது.

செல்போனில் எடுத்தால் 25 ஃபிரேமைப் பூட்டி வைக்கும் செயலி வேண்டும். பல போன்கள் தாமாகவே ஃபிரேம் வேகத்தை மாற்றும். நாலு நிமிடப் பாட்டின் தொடக்கம் சேரும், முடிவு சேராது. ஷட்டரை 1/50இல் வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் மினுக்குவதும் தெரியாது.

ஆணின் சுருதி ஒரு கட்டை, பெண்ணின் சுருதி ஐந்து கட்டை. தர்க்கப் பாட்டுக்கு என்ன சுருதி? (பொள்ளாச்சி வாசகி)

நடுவில் மூன்று கட்டை என்று சமரசம் செய்தால் அவருக்கு மேலே எட்டாது, உங்களுக்குக் கீழே குரல் கரையும். அவரவர் சுருதியிலேயே மாறி மாறிப் பாடுங்கள். ஒரு கட்டையின் பஞ்சமம்தான் (ப) ஐந்து கட்டையின் ஷட்ஜம் (ச), ஆகவே ஹார்மோனியத்தில் அவருடைய ச, ப என்று பிடித்த அதே இரண்டு கட்டைகள் இருவருக்கும் பொருந்தும்; அவருடைய ‘ச’ உங்களுக்கு ‘ம’, அதாவது மத்திம சுருதி ஆகிவிடும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் அடிகள் கல்யாணி மாதிரிப் பிரதி மத்திம (‘ம’ அரைச் சுரம் மேலே நிற்கும்) ராகமாக இருந்தால் இது உதவாது. ஹார்மோனியத்தில் நிற்கும் சுத்த மத்திமம், அதாவது அவருடைய ‘ச’, உங்கள் பிரதி மத்திமத்தோடு முட்டும். உங்கள் முறை வரும்போது அந்தக் கட்டையிலிருந்து விரலை எடுக்கச் சொல்லுங்கள்.