பழைய டீசல் காரின் எஞ்சின் நிலையை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டம், வெள்ளைப் புகை, 'எஞ்சின் செய்யவேணும்' என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பதும் அநேகமாகத் தொண்ணூறுகளின் ஜப்பான் கார்தான். யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

திருகோணமலை உப்புவெளியில் அப்பாவின் டூ-சீ (2C) டீசல் எஞ்சின் போட்ட டொயோட்டா கொரோலாவுக்கும் இதே தீர்ப்புதான் வந்தது. நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கும். பிடித்ததும் உதறல், கண் எரிகிற புகை. "ரிங் போயிட்டுது, எஞ்சினை இறக்கவேணும்" என்றார்கள் ஒரு கராஜில். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம். பொனட்டைக்கூடத் திறக்காமல் சொன்னார்கள். அப்பா விற்றுவிடுவோம் என்றே முடிவெடுத்துவிட்டார். நான் விடவில்லை.

இரவு முழுக்க ஆறிய எஞ்சினில்தான் தொடங்கவேணும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை. (சூட்டில் அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.) டிப்ஸ்டிக்கில் ஒயில் கறுப்பு, டீசலுக்கு அது வழமை. பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால்தான் பயம், ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கும். ஸ்டார்ட் செய்து, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வைத்தேன். ரிங் தேய்ந்திருந்தால் மூடி துள்ளி விழும், புகை குபுகுபுவென்று கிளம்பும். எங்களுடையது லேசாக நடுங்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. வெள்ளைப் புகையும் சூடேறியதும் நின்றது. ஒயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை துளியும் இல்லை.

அப்புறம் ஹீட்டர் பிளக், அதாவது ஆறிய எஞ்சின் பிடிப்பதற்காக சிலிண்டரின் உள்ளே சூடாக்கும் பிளக். நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி, டெஸ்ட் லாம்பின் (ஊசி முனையும் வயரும் உள்ள சிறு சோதனை பல்ப்) கிளிப்பை பற்றரியின் பொசிட்டிவில் மாட்டி, ஊசியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டேன். இரண்டில் பல்ப் எரிந்தது, மற்ற இரண்டில் எரியவேயில்லை. கோளாறு அவ்வளவுதான். மாற்றியதும் காலையில் சாவி திருப்பியவுடன் பிடித்தது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று யாராவது கேட்பீர்கள். பார்த்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டீசலில் 400 பிஎஸ்ஐ வரை ஏறும், பெட்ரோல் காருக்கான கேஜ் உதவாது. அது இல்லாத வீட்டில் முதலில் செய்யக்கூடியதைத்தான் சொல்கிறேன். எந்த சிலிண்டர் சரியில்லை என்று அறிய, இன்ஜெக்டருக்கு டீசல் போகும் பைப்பைத் தளர்த்திப் பார்க்கச் சொல்வார்கள். கொமன் ரெயில் எஞ்சினில் (மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பாய்ச்சும் புதிய வகை) அதைச் செய்யவே கூடாது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிடைத்ததையெல்லாம் கேன்களில் சேர்த்து ஊற்றி ஓடிய வண்டிகள் எத்தனை! பக்கத்தில் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் வரிசையாக நிற்க, இந்த ஊர்ச்சனம் டீசலுக்கு இரவிரவாக ரோட்டில் கிடந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் காரில் சூடேறிய பிறகும் புகை வருகிறதா, என்ன நிறம் என்று எழுதுங்கள்.